ஏழாம் வரியில் ஒரு டபுள் டோ

அத்தியாயம் 11

"நிறுத்து. திரும்பப் போடு" என்றாள் அண்ணி.

"இது பதினேழாவது தடவை அண்ணி. இதுக்கு மேல போட்டா அந்தப் பொண்ணுக்குக் கால் வலிக்கும்" என்றான் ரேடியோ. ஆனாலும் போட்டான்.

ரேடியோ என்பது பெற்றவர்கள் வைத்த பெயர் அல்ல. தூங்கும்போது மட்டும் வாய் ஓய்வதால் தெருவில் வைத்த பெயர். அண்ணன் செத்ததும் அவருடைய துப்பறியும் அலுவலகத்தை இழுத்துப் பூட்டிவிடுவார்கள் என்று எல்லாரும் நினைத்தார்கள். பதினாறாம் நாள் அண்ணி வந்து அந்த நாற்காலியில் உட்கார்ந்தாள். காப்பீட்டுக் கம்பெனியில் இருபது வருஷம் பொய்யை மோப்பம் பிடித்தவள். கொழுந்தன் உதவியாளன் ஆனான். வேலை நிரந்தரம், திட்டு தாராளம்.

திரையில் வெள்ளை வெளேரென்று பனித்தளம். நீலச் சட்டைப் பெண் ஒருத்தி பின்பக்கமாகச் சறுக்கி வந்தாள். காலைக் குத்தி எழும்பினாள். காற்றிலேயே மூன்று சுற்று. ஒற்றைக் காலில் இறங்கி, கைகளை விரித்து, அப்படியே போய்விட்டாள். கேட்டால் அழகாக இருந்தது என்றுதான் யாரும் சொல்வார்கள்.

"எத்தனை ஜம்ப்?"

"ஒண்ணு. குருடன்கூடச் சொல்வான்."

"தாள்ல எத்தனை?"

ரேடியோ மதிப்பெண் தாளைப் புரட்டினான். ஏழாம் வரி. ட்ரிபிள் லட்ஸ் என்ற மூன்று சுற்றுத் தாவல், கூட்டல் குறி, டபுள் டோ லூப் என்ற இரண்டு சுற்றுத் தாவல். "ரெண்டு. ஆகாயத்துல இருந்து ஒண்ணு விழுந்திருக்கு."

வழக்கு அவ்வளவுதான். ஆனால் அந்த ஒரு கூட்டல் குறிக்குள் ஒரு பெண்ணின் தலையெழுத்து மாட்டிக்கொண்டிருந்தது. இரண்டாவதாக வந்த பெண்ணின் அப்பா லிஃப்ட் மெக்கானிக். போன வாரம் கிரீஸ் கையோடு வந்து இதே மேஜையில் தலையைக் கவிழ்த்து அழுதுவிட்டுப் போனார். வெளிநாட்டுப் போட்டிக்குப் போகிறவள் ஒருத்திதான். இந்த வருஷம் விட்டால் அவர் மகளுக்கு வயது தாண்டிவிடும். தோற்றது இரண்டு புள்ளி நாலு மார்க்கில்.

பனிச்சறுக்குச் சங்கத்தின் சட்டம் வேறு பொல்லாதது. தாவலைத் தவறுதலாகச் சொல்லிவிட்டார்கள் என்றால் முடிவு மாறாது, வருத்தம் தெரிவித்து ஒரு கடிதம் வரும். தெரிந்தே சொன்னார்கள் என்றால்தான் முடிவு ரத்தாகும். விசாரணை இன்று மாலை ஐந்து மணிக்கு மூடுகிறது.

"எனக்கு ஒண்ணு புரியல அண்ணி. ஒரு குட்டி ஜம்ப்புக்கா இத்தனை ரகளை?"

"குட்டி ஜம்ப்புக்கு ஒண்ணு புள்ளி மூணுதான். ஆனா கூத்தே வேற இடத்துல. இந்தப் பொண்ணு ட்ரிபிள் லட்ஸை மூணாம் வரியிலேயே ஒரு தடவை தனியாக் குதிச்சுட்டா. அதே பெரிய ஜம்பை ரெண்டாவது தடவையும் தனியாக் குதிச்சா முழு மார்க் கிடையாது. நூத்துக்கு எழுபதுதான். ரெண்டுல ஒண்ணுலயாவது பின்னாடி இன்னொரு ஜம்பை ஒட்டியிருக்கணும்."

"அதாவது ஒரே சட்டையில ரெண்டு கல்யாணத்துக்குப் போறதுன்னா துண்டையாவது மாத்திப் போடணும்."

"அப்படித்தான். ஒட்டுறதும் சும்மா இல்ல. எந்தக் கால்ல இறங்கினியோ அதே கால்லதான் அடுத்தது கிளம்பணும். இந்தப் பொண்ணு இறங்கினா, கிளம்பல. அப்ப லட்ஸோட அஞ்சு புள்ளி ஒன்பது, நாலு புள்ளி சொச்சமா சுருங்கியிருக்கணும். சுருங்கல. மேல ஒண்ணு புள்ளி மூணும் சேர்ந்திருக்கு. மொத்தத்துல மூணு மார்க்குக்கு மேல லாபம்."

"அப்புறம் என்ன? கழுகம்மா காசு வாங்கிட்டாங்க. கேஸ் முடிஞ்சது, டீ சொல்லட்டுமா?"

ஒவ்வொரு தாவலையும் பார்த்த மாத்திரத்தில் பெயர் சொல்கிறவர்தான் கழுகம்மா. அவர் வாயிலிருந்து வருவதை ஒரு பெண் தட்டச்சு செய்வாள், அதுவே தாளில் ஏறும். பக்கத்தில் சரிபார்க்க இன்னும் இரண்டு பேர் உண்டு. அவர்களை ரேடியோ நேற்றே குடைந்துவிட்டான். இருவரும் அந்த நேரத்தில் குனிந்து, முந்தைய தாவலைத் திரையில் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்களாம். 'கழுகம்மா சொன்னா சரியாத்தான் இருக்கும்னு விட்டுட்டோம்' என்று இரண்டு பேரும் ஒரே மாதிரி தலையைச் சொறிந்தார்கள். பதினெட்டு வருஷத்தில் அந்தக் கண்ணுக்கு ஒன்றுகூடத் தப்பியதில்லை.

"திருடுறவன் வாசல் விளக்கைப் போட்டுட்டா திருடுவான்?" என்றாள் அண்ணி. "இந்த வேலையில ஏமாத்தணும்னா ஆயிரம் வழி இருக்கு. சுத்து கொஞ்சம் குறைஞ்சா கண்டுக்காம விடலாம், யாருக்கும் தெரியாது. இல்லாத ஜம்பை இருக்குன்னு சொல்றது, ஐந்நூறு பேர் நடுவுல பொய் சொல்ற மாதிரி. அது கிடக்கட்டும். இதைப் பாரு."

அவள் நீட்டியது, போட்டிக்கு முன்பே அந்த நீலச் சட்டைப் பெண் எழுதிக் கொடுத்த திட்டத் தாள். ஏழாம் வரியில் அவள் எழுதியிருந்தது ட்ரிபிள் லட்ஸ், ட்ரிபிள் டோ.

ரேடியோ இரண்டு தாளையும் மாற்றி மாற்றிப் பார்த்தான். "இதுல ட்ரிபிள். அதுல டபுள்."

"ட்ரிபிள் டோவுக்கு நாலு புள்ளி ரெண்டு. அள்ளிக் கொடுக்கணும்னு நினைச்சவ அதைத்தானே சொல்லியிருப்பா?"

"பீரோ திறந்திருக்கிற வீட்டுல புகுந்து துடைப்பத்தைத் தூக்கிட்டுப் போயிருக்காங்க."

"தாளைப் பார்த்து வாய் தவறியும் சொல்லல. தாள்ல டபுள் இல்ல. ஐஸைப் பார்த்தும் சொல்லல. ஐஸ்ல ஒண்ணுமே இல்ல." அண்ணி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். அவள் கண்ணாடியைத் துடைத்தால் யாருக்கோ கஷ்டகாலம் என்று ரேடியோவுக்குத் தெரியும். "அப்ப அந்த டபுள் டோ எங்கிருந்துதான்டா வந்துச்சு? சத்தத்தைக் கூட்டு. அவங்க மேஜையில பதிவான குரலையும் சேர்த்துப் போடு."

பதினெட்டாவது தடவை. செல்லோ இசை இழைந்து வந்து, சட்டென்று நின்று, முரசில் இரண்டு அடி விழுந்தது. டும், டும். முதல் அடியில் நீலச் சட்டை இறங்கினாள். 'ட்ரிபிள் லட்ஸ்' என்றது கழுகம்மாவின் குரல். இரண்டாவது அடியில், துளிகூடப் பிசகாமல், 'டபுள் டோ.'

"அண்ணி, அந்தம்மா பாட்டுக்குத் தாளம் போடுறாங்க!"

"கிளம்பு" என்றாள் அண்ணி.

பாட்டுக்காரரின் அறை, பனித்தளத்துக்கு மேலே கண்ணாடி போட்ட ஒரு கூண்டு. மனிதர் கம்பளியைப் போர்த்திக்கொண்டு, காலடியில் ஹீட்டரும் வாயில் இருமல் மிட்டாயுமாக உட்கார்ந்திருந்தார். வீராங்கனைகளுக்கு இசையை வெட்டி ஒட்டி அளவாகத் தைத்துக் கொடுப்பவர் அவர்தான். சுவர் முழுக்க அலமாரி, அலமாரி முழுக்கப் பழைய வட்டுகள்.

"அந்த நீலச் சட்டைப் பொண்ணோட பாட்டை எப்ப வெட்டினீங்க?" என்று அண்ணி கேட்டாள்.

"இந்த வருஷம்தான்."

"பொய் சொல்ற வயசா சார் இது?" என்றான் ரேடியோ. "மிட்டாய் தொண்டையில சிக்கிக்கும்."

அவர் அவனை முறைத்தார். பிறகு அண்ணியின் முகத்தைப் பார்த்துக் குரலை இறக்கினார். "இந்த வருஷம் வெட்டலம்மா. எடுத்துக் கொடுத்தேன். அந்தப் பொண்ணோட கோச் ஊருக்குப் புதுசு. நல்ல பாட்டா ஒண்ணு வேணும்னு வந்து நின்னாங்க. நான் வெட்டினதுலயே இதுதான் அருமையான வெட்டு. ஆறு வருஷமா அலமாரியில தூங்குது. வீணாப் போகுதேன்னு எடுத்துக் கொடுத்துட்டேன். அந்த ரெண்டு முரசு அடியை நானேதான் சேர்த்தேன். அதைக் கேட்டா எந்தக் கோச்சும் அந்த இடத்துலதான் பெரிய ஜம்பை வைப்பாங்க."

"ஆறு வருஷத்துக்கு முன்னாடி யாருக்கு வெட்டினது?"

பாட்டுக்காரர் எழுந்து, மேல் தட்டிலிருந்து ஒரு வட்டு உறையை எடுத்து வந்தார். உறைக்குள் நாலாக மடித்த ஒரு திட்டத் தாள். உருண்டை உருண்டையான கையெழுத்து. ஏழாம் வரியில் ட்ரிபிள் லட்ஸ், டபுள் டோ.

"ஆடினது பொண்ணு. எழுதினது அம்மா" என்றார் அவர். "கழுகம்மாவோட ஒரே மகள். குட்டின்னு கூப்பிடுவோம். அன்னிக்கு அந்த டபுள் டோவை அவ விட்டுட்டா. ஒண்ணு புள்ளி ரெண்டுல வாய்ப்புப் போச்சு. மறுநாள் அவளே போயிட்டா." மிட்டாயை வாயிலிருந்து எடுத்துக் காகிதத்தில் சுற்றினார். "பாட்டைக் கொடுக்கும்போது எனக்கு இது தோணவே இல்லம்மா. வெட்டு நல்லா இருக்கேன்னு மட்டும்தான் நினைச்சேன். இந்தப் போட்டியில அந்த முரசு விழுந்தப்பதான் எனக்கு உறைச்சுது. கீழ நடுவர் மேஜையைப் பார்த்தேன். அந்தம்மா உதடு அசைஞ்சுது."

படியிறங்கும்போது ரேடியோவுக்கு நாக்கு நமைச்சலெடுத்தது. ஆனால் சொல்ல ஒரு வேடிக்கையும் கிடைக்கவில்லை.

"ஜெயிச்ச பொண்ணு?" என்று மட்டும் கேட்டான்.

"நேத்து அவகிட்டப் பேசினேன். 'நான் அதைக் குதிக்கவே இல்லைன்னு அன்னைக்கே சொன்னேன் ஆன்ட்டி, யாருமே காதுல போட்டுக்கல'ன்னு அழறா. அந்த மெடலை இன்னும் கழுத்துல போடலையாம்."

சறுக்குப் போட்டி கழுகம்மாவுக்கு ஞாயிற்றுக்கிழமை வேலை. மற்ற நாளில் ஒரு பெரிய ஹோட்டலின் சலவைக் கூடத்தில் கறை பார்ப்பவர். நீராவியும் சோப்பு வாசனையுமாக இருந்த கூடத்தின் கோடியில், பளிச்சென்ற விளக்குக்குக் கீழே நின்றுகொண்டிருந்தார். படுக்கை விரிப்பு ஒவ்வொன்றாக வந்தது. ஒரு உதறு, ஒரு பார்வை. சுத்தம் என்றால் வலது பக்கம், கறை என்றால் இடது பக்கம். ஒன்றுக்கு இரண்டு நொடிகூட ஆகவில்லை.

"மறுபடியும் சங்கத்துல இருந்தா?" என்றார், கையை நிறுத்தாமல். "அந்தப் பொண்ணு குதிச்சா. வலது கால்ல இறங்கினா, இடது நுனியைக் குத்தினா, ரெண்டு சுத்து. சுத்தமான சுத்து. நான் பார்த்தேன்."

"நீங்க பார்த்தீங்கம்மா. அதுல எனக்குச் சந்தேகமே இல்ல" என்றாள் அண்ணி. "இதையும் பாருங்க."

ரேடியோ செல்போனை நீட்டினான். கழுகம்மா ஈரக்கையை மேலங்கியில் துடைத்துக்கொண்டு பார்த்தார். செல்லோ. நிசப்தம். டும், டும். அவருடைய குரலே அவருக்குக் கேட்டது. நீலச் சட்டை கையை விரித்து நழுவிப் போனாள்.

"திரும்பப் போடு தம்பி."

போட்டான்.

"இன்னொரு தடவை."

மூன்றாவது தடவை அவர் திரையைப் பார்க்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். அண்ணி அந்தப் பழைய தாளைப் பிரித்து, விரிப்புகளின் மேல் வைத்தாள்.

தன் கையெழுத்தை அவர் வெகுநேரம் பார்த்துக்கொண்டே நின்றார். விரிப்புகள் வந்து மேஜையில் குவிந்தன. உதற ஆளில்லை.

"வீட்டுக்குப் போற வழியெல்லாம் திட்டினேன்" என்றார். குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. "ரெண்டு சுத்து, ரெண்டே சுத்து, அதைக்கூட ஒட்டத் தெரியாதா உனக்குன்னு. ஜன்னல் பக்கம் திரும்பிக்கிட்டா. மறுநாள் காலையில ஒரு நாள் லீவு கேட்டா. கால் வலிக்குதும்மான்னா. வலிச்சா வலிக்கட்டும், அதை நூறு தடவை போட்டுட்டு வான்னு நான்தான் அனுப்பினேன். முதல் பஸ். பாலத்துக்கிட்ட லாரி வந்து..." தாளை ஒரு விரலால் தடவினார். "இந்தத் தடவை ஐஸ்ல நான் பார்த்தது குட்டியைத்தான். சத்தியமா அவ குதிச்சா. ஆறு வருஷம் கழிச்சு அவளுக்கு அந்த மார்க்கைப் போட்டுட்டேன்."

ரேடியோ நீராவிக் குழாயைப் பார்ப்பதுபோல் முகத்தைத் திருப்பிக்கொண்டான். அழுதால் அண்ணி திட்டுவாள். திரும்பிப் பார்த்தால் அண்ணியே கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"நீங்க ஏமாத்தலம்மா" என்றாள் அண்ணி. "என்னால அதை நிரூபிக்க முடியும். இந்தத் தாள் இருக்கு, முரசு இருக்கு, உங்க குரல் இருக்கு. மணி மூணரை. சங்கத்துல கொடுத்தா உங்க பேர்ல ஒரு கறை இருக்காது."

"அந்த ரெண்டாவது வந்த பொண்ணுக்கு?"

அண்ணி கண்ணாடியை மாட்டிக்கொண்டாள். "வருத்தம் தெரிவிச்சு ஒரு கடிதம் வரும்."

"அடுத்த வருஷம் வயசு தாண்டிடும் இல்ல?"

"தாண்டிடும்."

கழுகம்மா சலவைச் சீட்டுப் புத்தகத்திலிருந்து ஒரு தாளைக் கிழித்தார். பின்பக்கம் திருப்பி எழுதினார். அதே உருண்டைக் கையெழுத்து. எழுதி முடித்து நீட்டியதை ரேடியோ தோளுக்கு மேலாகப் படித்தான். 'ஏழாம் வரியில் இல்லாத தாவலைத் தெரிந்தே சொன்னேன். யாரும் எனக்கு எதுவும் தரவில்லை. யாரும் கேட்கவும் இல்லை. முழுப் பொறுப்பும் என்னுடையது.'

"இது பொய்ம்மா" என்றாள் அண்ணி.

"தெரியும்."

"இதைக் கொடுத்தா உங்களை ஆயுசுக்கும் ஐஸ் பக்கம் விட மாட்டாங்க. ஊர் என்ன பேசும்னு யோசிச்சீங்களா?"

"ஞாயித்துக்கிழமை அந்த நாற்காலியில உட்கார்ந்தாத்தான் எனக்கு மூச்சே வரும்" என்றார் கழுகம்மா. "ஆனா உங்க உண்மையால அந்தப் பொண்ணுக்கு என்னம்மா கிடைக்கும்? ஒரு கடிதம். ஒரு ஒட்டுக்காக ஒருத்தியை அழ வெச்சு அனுப்பினேன். அதே ஒட்டால இன்னொருத்தியும் அழணுமா? என்னால முடியாதும்மா. எனக்கு அதுக்குத் தெம்பு இல்ல."

அண்ணி அந்தச் சீட்டை வாங்கிப் பைக்குள் வைத்தாள். பேச்சில் அவளை மடக்கிய ஆளை ரேடியோ இதுவரை பார்த்ததில்லை.

"இந்தப் பழைய தாள்..." கழுகம்மா தயங்கினார். "இதை நான் வெச்சுக்கட்டுமா? குட்டி எழுதின எதுவும் என்கிட்ட இல்ல. இதுவும் நான் எழுதினதுதான். ஆனா இது பாட்டு வட்டோட அவ பையில இருந்தது."

வழக்கின் முக்கியச் சாட்சி அதுதான். அண்ணி அதை நாலாக மடித்து அவர் கையில் வைத்தாள்.

அவர்கள் கூடத்தைத் தாண்டும்போது பின்னால் மறுபடியும் விரிப்பு உதறும் சத்தம் கேட்டது. வழக்கத்தைவிட மெதுவாக.

ஐந்து மணிக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது அந்தச் சீட்டு சங்கத்தில் சேர்ந்தது. தன் அறிக்கையில் அண்ணி பொய் எழுதவில்லை. அறிக்கையே எழுதவில்லை. ஒப்புதல் கடிதம் இருக்கும்போது அறிக்கை எதற்கு என்று செயலாளரும் விட்டுவிட்டார். கால் மணி நேரத்தில் முடிவு ரத்து, இரண்டாவதாக வந்தவள் முதல் ஆனாள்.

ஆறு மணிக்கு லிஃப்ட் மெக்கானிக் மகளையும் கூட்டிக்கொண்டு ஓடி வந்தார். அண்ணியின் காலில் விழப் போனவரை ரேடியோ பிடித்து நிறுத்த வேண்டியிருந்தது. மனிதர் சிரித்தார், அழுதார், மறுபடியும் சிரித்தார். அந்தப் பெண் கதவோரமாக, பைக்கட்டைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

"என்ன நெஞ்சழுத்தம் பாருங்க அந்தப் பொம்பளைக்கு!" என்றார் அவர். "தெரிஞ்சே செஞ்சேன்னு எழுதிக் கொடுத்திருக்காளாமே! பெத்த பிள்ளைன்னு ஒண்ணு இருந்திருந்தா இந்த வலி அவளுக்குத் தெரிஞ்சிருக்கும்."

ரேடியோவின் கை நாற்காலி முதுகை இறுக்கியது. அண்ணி மேஜையில் இருந்த காகிதங்களை, ஏற்கனவே அடுக்கியிருந்ததை, மறுபடியும் அடுக்கினாள்.

"திட்டாதீங்கப்பா" என்றாள் பெண். "என் ஜம்ப் எல்லாத்தையும் அவங்க சரியாத்தான் சொன்னாங்க. ஒண்ணுகூட விடல."

"சரி சரி, அதையெல்லாம் விடு." அவர் மகளின் தலையை ஆசையாகத் தடவினார். "இனிமே விளையாட்டு இல்ல. நாளைக்குக் காலையில முதல் பஸ்ஸைப் பிடிச்சுப் போயிடணும். அந்த ஒட்டு ஜம்பை நூறு தடவை போட்டுப் பார்க்கணும், ஆமா."

"கால் வலிக்குதுப்பா."

"வலிச்சா வலிக்கட்டும். போட்டி கிட்ட வந்துட்டு..."

"சார்" என்றான் ரேடியோ.

அவன் குரலே அவனுக்கு அந்நியமாக இருந்தது. எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"நாளைக்கு ஒரு நாள் லீவு விடுங்க சார்."

"ஏன் தம்பி?"

ரேடியோ அண்ணியைப் பார்த்தான். அவள் தலைகுனிந்து காகிதங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"விடுங்க சார்" என்றான். "ஒரே ஒரு நாள். வீட்டுலயே இருக்கட்டும்."